எட்டரை மீற்றர் அலை: திறந்தவெளி மேடையில் பேஸ் கிட்டார்

கொட்டியாரக் குடாவின் தென்கரையில், மூதூரை அண்டிய ஊர்களில், திருவிழாக் காலத்து இரவுக் கச்சேரியைத் தூரத்திலிருந்து கேட்டவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும். இரண்டு கிலோமீற்றருக்கு அப்பால் பாட்டின் சொற்கள் வந்து சேர்வதில்லை. பாடுவது ஆணா பெண்ணா என்பதுகூடப் பிடிபடாது. ஆனால் தாளமும் அதற்கு அடியில் ஓடும் தடித்த நாதமும் வந்துவிடும். அதே நேரத்தில் மேடைக்கு முன்னால் கதிரை போட்டு இருக்கும் ஒருவர், "பேஸ் எடுபடவில்லையே" என்று குறைப்படுவார். மைதானத்தின் இன்னொரு பக்கத்தில் இருப்பவரோ, "பேஸ் காதை அடைக்குது" என்பார்.

மூவர் சொல்வதும் உண்மை. மூன்றுக்கும் காரணம் ஒன்றே: பேஸ் கிட்டார் எழுப்பும் அலையின் நீளம். எந்த பேஸ் வாங்குவது, எத்தனை வாட் அம்ப் வேண்டும், ஸ்பீக்கர் பொக்ஸை எங்கே வைப்பது என்று இசைக்குழுப் பிள்ளைகள் கேட்கும் கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு விடை அந்த நீளத்தில் இருக்கிறது. விலை கூடிய கருவியைவிட, இந்தக் கணக்கைத் தெரிந்து வைத்திருப்பது மேடையில் கூடுதலாகக் கைகொடுக்கும்.

அலையின் கணக்கு

நான்கு கம்பி பேஸில் மிகத் தடித்த ஈ கம்பி விநாடிக்கு 41 தடவை அதிர்கிறது. அதாவது 41 ஹேர்ட்ஸ். அடுத்த ஏ கம்பி 55, டி கம்பி 73, ஜி கம்பி 98. ஐந்து கம்பி பேஸில் கூடுதலாக வரும் பி கம்பி 31 ஹேர்ட்ஸ். மூதூரின் 30 பாகை வெக்கையில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 350 மீற்றர் ஓடும். 350ஐ 41ஆல் வகுத்தால் ஈ கம்பியின் அலைநீளம் வரும்: எட்டரை மீற்றர். பாடகரின் வாயிலிருந்து வரும் "ஸ்" ஓசையின் அலையோ சில சென்ரிமீற்றர்தான்.

இறங்குதுறைத் தூணில் மோதும் சிற்றலை சிதறிப்போகும். கடலிலிருந்து ஏறிவரும் நெடிய அலை தூணைப் பொருட்படுத்தாமல் சுற்றிக்கொண்டு போகும். ஒலியும் அப்படித்தான். கூட்டம், மரம், வீட்டுச் சுவர் எதுவும் எட்டரை மீற்றர் அலையை மறிப்பதில்லை. காற்றும் தன் பங்குக்கு உயர்ந்த சுரங்களையே தின்கிறது. 100 ஹேர்ட்ஸுக்குக் கீழே அது விழுங்குவது மிகச் சொற்பம். அமைதியான இரவில் நிலத்தை ஒட்டிய காற்று குளிர்ந்து, அதற்கு மேலே வெப்பமான காற்றுப் படலம் நின்றால், மேலே போகும் ஒலி வளைந்து திரும்பவும் கீழே இறங்கும். தூரத்து ஊருக்கு பேஸும் ட்ரம்ஸும் மட்டும் போய்ச் சேர்வது இதனால்தான்.

இதே வரிசைச் சுரங்களை நம் கடலும் அறியும். 1980களில் 'டியூலிப்' என்ற ஆய்வுப் படகில் வந்தவர்கள் திருகோணமலைக்கு வெளியே நீலத் திமிங்கிலங்களைத் தேடி ஆராய்ந்தார்கள். நீலத் திமிங்கிலத்தின் குரல் பெரும்பாலும் 100 ஹேர்ட்ஸை ஒட்டியும் அதற்குக் கீழேயும் இருக்கிறது. பேஸ் கிட்டாரின் திறந்த கம்பிகள் இருக்கும் அதே எல்லை. நீண்ட தூரம் செய்தி அனுப்ப வேண்டிய உயிர் தாழ்ந்த சுரத்தைக் கைக்கொண்டிருக்கிறது.

தூரம் போகும் இந்த அலைக்கு ஒரு பெரிய குறையும் உண்டு. நம் காது அதை எளிதில் உணர்வதில்லை. ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரு ஆய்வாளர்கள் 1933இல் வெளியிட்ட அளவீடுகள் இதை முதலில் தெளிவாகக் காட்டின. 40 ஹேர்ட்ஸ் ஒலி மெல்லக் கேட்கத் தொடங்கவே, 1,000 ஹேர்ட்ஸ் ஒலியைவிட ஏறத்தாழ 50 டெசிபெல் கூடுதல் அழுத்தம் தேவை. சக்திக் கணக்கில் அது ஒரு லட்சம் மடங்கு. கிட்டார் வாசிப்பவர் 50 வாட் அம்போடு சமாளிக்கும் மேடையில் பேஸ்காரருக்கு 300 வாட் தேவைப்படுவது இதனால்தான்.

கம்பி, காந்தம், கழுத்து

1951இல் அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் தம் பிரிசிஷன் பேஸை விற்பனைக்குக் கொண்டுவந்தார். ஆளுயர டபிள் பேஸைத் தூக்கித் திரிந்த கலைஞர்களுக்கு, தோளில் மாட்டக்கூடிய, 34 அங்குலக் கம்பி நீளம் கொண்ட கருவி கிடைத்தது. அந்த நீளம் இன்றும் பொது அளவு. கிட்டாரை நடுவில் வைத்த இலங்கைத் தமிழ் பொப்பிசையில் திருகோணமலையின் பரமேஷ்–கோணேஷ் சகோதரர்களுக்கும் ஏ.ஈ. மனோகரனுக்கும் தனி இடம் உண்டு. தமிழகத்தில் 1976இல் வந்த இளையராஜாவின் பாடல்களில் பேஸ் தனிக் குரலாகவே நடந்தது. அவர் குழுவில் நெடுங்காலம் பேஸ் வாசித்தவர் சசிதரன். ஏ.ஆர். ரஹ்மானின் இசையில் கீத் பீட்டர்ஸின் விரல்களைக் கேட்கலாம்.

அந்தப் பாட்டுகளை நம்மவர்கள் கைக்கடக்கமான டிரான்சிஸ்டர் வானொலியில் கேட்டார்கள். உள்ளங்கை அளவு ஸ்பீக்கரால் 41 ஹேர்ட்ஸை எழுப்பவே முடியாது. ஆனாலும் பேஸ் கேட்டது. ஒரு கம்பி அதிரும்போது 41ஓடு கூடவே 82, 123, 164 என்று அதன் மடங்குகளும் பிறக்கின்றன. மடங்குகள் மட்டும் காதுக்கு வந்தாலும், அவற்றின் இடைவெளியைக் கொண்டு மூளை அடிச்சுரத்தைத் தானே உணர்ந்துகொள்கிறது. மேடைக்கு இது மிகப் பயனுள்ள உண்மை. பேஸ் நன்றாகக் கேட்க, 41 ஹேர்ட்ஸை முழுப் பலத்தோடு தள்ள வேண்டியதில்லை. மடங்குகள் தெளிவாக வந்தால் போதும்.

ஆகவே முதல் பேஸ் வாங்குபவருக்கு நான்கு கம்பியே போதுமானது. வாடகைக்கு வரும் ஸ்பீக்கர்களில் பெரும்பாலானவை 31 ஹேர்ட்ஸைத் தொடமாட்டா. பி கம்பிக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தை வேறு இடத்தில் போடலாம். அடுத்துப் பார்க்க வேண்டியது பிக்கப். காந்தத்தைச் சுற்றி மெல்லிய செப்புக் கம்பி பல்லாயிரம் சுற்றுச் சுற்றப்பட்டிருக்கிறது. மேலே உருக்குக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் மாறி, சுருளில் மின்னோட்டம் பிறக்கிறது. 1831இல் ஃபரடே கண்டறிந்த தூண்டல் இதுவே. ஆனால் அந்தச் சுருள், பக்கத்தில் ஓடும் மின்வயர்களின் காந்தப்புலத்தையும் பிடித்துவிடும். நம் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். அதன் இரைச்சல் 50இலும் 100இலும் வரும். ஈ கம்பியின் மூன்றாவது பிரெட்டில் உள்ள ஜி சுரம் 49 ஹேர்ட்ஸ். திறந்த ஜி கம்பி 98. இரைச்சல் வந்து அமர்வது நாம் வாசிக்கும் சுரங்களின் நடுவிலேயே. சமன்கருவியை (ஈக்வலைசரை) திருகி அதை வெட்டினால் பேஸும் சேர்ந்து போகும்.

எனவே இரைச்சலைப் பிறக்கும் இடத்திலேயே அடக்க வேண்டும். 1957இல் பிரிசிஷன் பேஸின் பிக்கப் இரண்டாகப் பிளக்கப்பட்டது. இரு பாதிகளும் எதிரெதிர்த் திசையில் சுற்றப்பட்டு, எதிரெதிர்க் காந்த முனைகளோடு அமைந்தன. கம்பியின் ஒலி கூடுகிறது. வெளி இரைச்சல் ஒன்றையொன்று அழிக்கிறது. இரண்டு தனிப் பிக்கப் உள்ள ஜாஸ் வகை பேஸில் இரண்டின் வொல்யூமையும் சமமாகத் திறந்து வைத்தால் இதே பலன் கிடைக்கும். ஒன்றை மட்டும் குறைத்தவுடன் உறுமல் தலைகாட்டும். ஜெனரேற்றரும் அலங்கார விளக்குகளும் சூழ்ந்த மேடையில் வாசிப்பவருக்கு இந்த வகைப் பிக்கப் ஒன்று கட்டாயம் வேண்டும்.

மலிவான பேஸும் நன்றாக அமைத்தால் நன்றாகப் பாடும். கழுத்தை இழுக்கும் நான்கு கம்பிகளின் விசை 70, 80 கிலோ எடைக்குச் சமம். மரம் ஈரத்தில் ஊதும், வறட்சியில் சுருங்கும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் அமைத்த கழுத்து, மார்கழி மழையில் அப்படியே இருக்காது. ஈ கம்பியை முதல் பிரெட்டில் ஒரு கையாலும், கடைசிப் பிரெட்டில் மறு கையாலும் அழுத்திப் பிடியுங்கள். நடுவில், எட்டாவது பிரெட்டுக்கும் கம்பிக்கும் இடையே 0.3 மில்லிமீற்றர் அளவு இடைவெளி இருக்க வேண்டும். ஒரு விசிட்டிங் கார்ட் நுழையும் அளவு. கூடினாலும் குறைந்தாலும் கழுத்துக்குள் இருக்கும் இரும்புக் கம்பியின் திருகைக் கால் சுற்று மட்டும் திருப்பி, கம்பிகளை மறுபடி சுருதி சேர்த்துப் பாருங்கள். பதினேழாவது பிரெட்டில் கம்பியின் உயரம் 2 முதல் 2.4 மில்லிமீற்றர் இருந்தால் விரலுக்கும் இதம், கம்பியும் பிரெட்டில் உரசாது. பிறகு பன்னிரண்டாவது பிரெட்டில் அழுத்தி வாசித்த சுரத்தையும் அதே இடத்தில் விரலை மெல்லத் தொட்டு எழுப்பும் நாதத்தையும் டியூனரில் ஒப்பிடுங்கள். அழுத்திய சுரம் கூடியிருந்தால் பிரிட்ஜில் உள்ள தாங்கியைப் பின்னுக்கு நகர்த்த வேண்டும். இந்த மூன்று வேலைகளுக்கும் ஒரு மணித்தியாலம் போதும்.

வாட் எண்ணும் ஸ்பீக்கரும்

அம்பின் முகப்பில் எழுதியிருக்கும் வாட் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். 250 வாட்டுக்குப் பதில் 500 வாட் போட்டால் கிடைப்பது 3 டெசிபெல். காதுக்கு அது சிறிய ஏற்றம். ஒலி இரட்டிப்பாகக் கேட்க 10 டெசிபெல் வேண்டும். சக்தி பத்து மடங்காக வேண்டும். ஆனால் ஸ்பீக்கர் பொக்ஸின் உணர்திறன் 95இலிருந்து 101 டெசிபெல்லுக்கு உயர்ந்தால், அதே அம்ப் நான்கு மடங்கு வாட் கொண்டதுபோல வேலை செய்யும். வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் எண் இது.

பேஸ் ஸ்பீக்கர் ஏன் பெரிதாக இருக்கிறது? ஒரே அளவு சத்தத்தோடு ஒரு ஸ்தாயி கீழே இறங்கினால், கூம்பு நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் அசைய வேண்டும். 82 ஹேர்ட்ஸில் ஒரு மில்லிமீற்றர் அசையும் கூம்பு, 41 ஹேர்ட்ஸில் நான்கு மில்லிமீற்றர் அசைய வேண்டும். அசைய இடமில்லாத கூம்பு கிழியும் அல்லது கரகரக்கும். அதனால் பரப்பைக் கூட்டுகிறோம். 15 அங்குலம் ஒன்றைவிட 10 அங்குலம் நான்குக்குப் பரப்பு அதிகம். 10 அங்குலம் இரண்டுக்குச் சற்றுக் குறைவு. "பதினைந்துதான் பேஸ்" என்று கடையில் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். சிறிய பொக்ஸ், ஆழமான பேஸ், குறைந்த வாட்டில் கூடிய சத்தம்: மூன்றில் இரண்டைத்தான் பெறலாம் என்பதை ஒலிப்பொறியியலில் ஹொஃப்மன் விதி என்பார்கள். சிறிய பொக்ஸில் ஆழமான பேஸ் வேண்டுமென்றால் வாட்டைக் கொட்ட வேண்டியதுதான்.

8 ஓம் பொக்ஸ் இரண்டைச் சமாந்தரமாக இணைத்தால் மொத்தத் தடை 4 ஓம். அம்ப் தாங்கும் குறைந்த தடை அதன் பின்புறத்தில் எழுதியிருக்கும். அதற்குக் கீழே போனால் அம்ப் சூடேறிக் கருகும். அம்பிலிருந்து பொக்ஸுக்குத் தடித்த ஸ்பீக்கர் வயர் வேண்டும். கிட்டாருக்குப் போடும் மெல்லிய வயரை அங்கே செருகக் கூடாது.

1969இல் வந்த ஆம்பெக் எஸ்விடி என்ற பேஸ் அம்ப் 300 வாட் கொடுத்தது. வால்வுகள் நிறைந்த அதன் தலைப்பகுதி மட்டும் 35 கிலோவுக்கு மேல். இன்றைய டி வகை அம்ப் அதைவிடக் கூடிய வாட்டை மூன்று கிலோ எடையில் தருகிறது. 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு திருகோணமலையிலிருந்து சாமான் கொண்டுவருவது எளிதாகிவிட்டாலும், ஆட்டோவில் ஏற்றி மணலில் தூக்கிப்போகும் குழுவுக்கு இந்த எடை வித்தியாசம் பெரியது.

திறந்தவெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் ஒலி 6 டெசிபெல் குறையும். பொக்ஸிலிருந்து ஒரு மீற்றரில் 110 டெசிபெல் இருந்தால், 32 மீற்றரில் 80தான். மேடை அம்பைக் கொண்டு மைதானத்தை நிரப்ப முயல்வது வீண். மேடை அம்ப் வாசிப்பவருக்கும் ட்ரம்ஸ்காரருக்கும் கேட்டால் போதும். மைதானத்துக்கு பேஸைக் கொண்டுபோவது சவுண்ட்காரரின் பெரிய ஸ்பீக்கர்கள். அவரிடம் ஒலியை ஒழுங்காக ஒப்படைக்க ஒரு சிறு பெட்டி வேண்டும்: டிஐ பொக்ஸ். பேஸின் மென்மையான சமிக்ஞையை அது, நீண்ட வயரில் இரைச்சல் பிடிக்காமல் மிக்சர் வரை போகும் சமிக்ஞையாக மாற்றுகிறது. பேஸை வாங்கிய அடுத்த வாரமே வாங்க வேண்டியது இது.

எங்கே வைப்பது?

முதற் பந்தியில் வந்த குறைப்பாட்டுக்கு விடை இங்கே இருக்கிறது. வழக்கமாக மேடையின் இடப்புறம் ஒரு அடுக்கு, வலப்புறம் ஒரு அடுக்கு என்று ஸ்பீக்கர்களை வைப்பார்கள். ஒருவர் இடது அடுக்கிலிருந்து 12 மீற்றர், வலது அடுக்கிலிருந்து 15 மீற்றர் தள்ளி இருக்கிறார் என்று எடுத்துக்கொள்வோம். வித்தியாசம் 3 மீற்றர். 58 ஹேர்ட்ஸ் சுரத்தின் அலைநீளம் 6 மீற்றர். அதில் பாதி 3 மீற்றர். ஒரு பக்கத்து அலை காற்றை அழுத்தும் அதே கணத்தில் மறுபக்கத்து அலை இழுக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். ஏ கம்பியின் முதல் பிரெட்டில் வாசிக்கும் அந்தச் சுரம் அவருக்குப் பெரும்பாலும் காணாமல் போகும். நடுவில் நிற்பவருக்கு இரண்டு அலையும் கூடி, காதை அடைக்கும். சத்தத்தைக் கூட்டினால் நடுவில் இருப்பவர் மட்டுமே துன்பப்படுவார்.

தீர்வு எளியது. தாழ்ந்த சுரத்துக்கான சப் ஸ்பீக்கர்களைப் பிரிக்காமல், மேடையின் முன் நடுவில், தரையில் ஒன்றாக வையுங்கள். பக்கத்தில் பக்கம் இருந்தால் எட்டரை மீற்றர் அலைக்கு அவை ஒரே பெட்டி. ஒன்று கொடுத்ததைவிட இரண்டு சேர்ந்து 6 டெசிபெல் கூடுதலாகக் கொடுக்கும். மைதானம் முழுக்க ஏறத்தாழ ஒரே சீராகப் பரவும். தரையில் வைப்பதும் முக்கியம். அந்தரத்தில் தொங்கும் ஸ்பீக்கரோடு ஒப்பிட்டால், கீழே போக வேண்டிய அலையைத் தரை திருப்பித் தந்து இன்னும் 6 டெசிபெல் சேர்க்கிறது. காசு கொடுக்காமல் கிடைக்கும் பலம் இது.

பாடசாலை மண்டபத்தில் சுவரையும் கணக்கெடுக்க வேண்டும். பின்சுவரிலிருந்து ஒரு மீற்றர் தள்ளி வைத்த பொக்ஸ், 87 ஹேர்ட்ஸ் சுரத்தைச் சுவரில் பட்டுத் திரும்பும் அலையால் தானே அழிக்கும். டி கம்பியின் மூன்றாவது பிரெட்டை வாசித்துப் பாருங்கள். முன்னால் அது மெலிந்திருக்கும். பொக்ஸைச் சுவரோடு ஒட்டினால் அந்தக் குழி உயர்ந்த சுரங்களுக்கு நகர்ந்துவிடும், அடிச்சுரங்கள் பலப்படும். கூடிப்போனால் சமன்கருவியில் குறைக்கலாம். அழிந்த சுரத்தை எந்தச் சமன்கருவியாலும் மீட்க முடியாது.

பலகை மேடை உள்ளே வெறுமையாக இருப்பதால் சில சுரங்களுக்கு முழங்கும். மேடை அம்பை ஒரு கதிரையில் ஏற்றி, வாசிப்பவரின் காதை நோக்கிச் சாய்த்து வைத்தால், பலகையின் முழக்கம் குறைந்து 700, 800 ஹேர்ட்ஸில் இருக்கும் விரல் தெளிவு காதுக்கு வரும். சத்தத்தைக் கூட்டவே தேவை இராது. ட்ரம்ஸ்காரரின் பக்கத்தில் நில்லுங்கள். 10 மீற்றர் தள்ளி நின்றால் அவருடைய அடி உங்களை வந்தடைய விநாடியில் நூற்றில் மூன்று பங்கு பிந்தும். தாளம் இறுக்கமாக நிற்க அந்தச் சிறு பிந்தலும் கூடாது.

230 வோல்ற்று

இனிச் சொல்வதை எந்தக் குழுவும் தட்டிக்கழிக்கக் கூடாது. பேஸின் கம்பிகள் பிரிட்ஜ் வழியாக அம்பின் எர்த்தோடு இணைந்திருக்கின்றன. மைக் மிக்சரின் எர்த்தோடு இணைந்திருக்கிறது. அம்ப் ஒரு பிளக்கிலும் மிக்சர் வேறொரு பிளக்கிலும் இருந்து, ஒன்றில் எர்த் அறுந்தோ வயர் மாறியோ இருந்தால், கம்பியில் கையும் மைக்கில் உதடும் படும் கணத்தில் மின்சாரம் உடலின் ஊடாகப் பாயும். 1972இல் பிரித்தானியாவின் ஸ்வான்சி நகரில், ஸ்டோன் த க்ரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ்லி ஹார்வி மேடையிலேயே இப்படி மைக்கைத் தொட்டு உயிரிழந்தார். கடலோர ஈர மணலில் வெறுங்காலோடு நிற்பவருக்கு ஆபத்து இன்னும் கூட.

இரைச்சல் வருகிறதென்று எர்த் முனையைக் கழற்றுவதும், எர்த் இல்லாத இரண்டு முனை அடப்டரில் அம்பைச் செருகுவதும் உயிரோடு விளையாடுவது. டிஐ பொக்ஸில் எர்த் பிரிக்கும் சுவிட்ச் இருக்கிறது. அது சமிக்ஞை வயரின் எர்த்தை மட்டும் பிரிக்கும், அம்பின் பாதுகாப்பைத் தொடாது. இரைச்சலுக்கு மருந்து அதுதான். இசைக்கருவிகள் எல்லாம் ஒரே இடத்திலிருந்து, 30 மில்லியம்பியர் ட்ரிப் சுவிட்ச் வழியாக மின்சாரம் எடுக்க வேண்டும். ஜெனரேற்றர் வந்தால் அதன் எர்த்தைத் தகுதியான மின்னியலாளர் ஒருவர் பார்த்து உறுதிசெய்த பிறகே வயர் செருக வேண்டும்.

உப்புக் காற்று

கடல் காற்று கம்பியின் வைரி. வியர்வையும் உப்பும் சேர்ந்து சுற்றுக்கம்பியின் இடுக்குகளில் இறங்கினால் சில வாரங்களில் நாதம் மங்கும். வாசித்து முடிந்தவுடன் உலர்ந்த துணியால் ஒவ்வொரு கம்பியையும் அடியும் மேலும் துடைத்தால் அதன் ஆயுள் நீளும். பிளக்கின் முனைகளையும் துடையுங்கள். "கரகர" சத்தத்தில் பெரும்பங்கு அங்கிருந்துதான் வருகிறது. பேட்டரி போட்ட பேஸ் என்றால் நிகழ்ச்சிக்கு முன் புதியதை மாற்றி, வாசிக்காத நேரத்தில் வயரைக் கழற்றி வையுங்கள். பெரும்பாலான பேஸ்களில் வயர் செருகியிருக்கும் வரை பேட்டரி கரைந்துகொண்டே இருக்கும். விளக்கின் சூட்டில் உருக்குக் கம்பி நீண்டு சுருதி இறங்கும். ஆகவே சுருதி சேர்ப்பதை அறையில் முடிக்காமல் மேடையிலேயே, விளக்கு எரிந்த பிறகு செய்யுங்கள்.

காசு எந்த வரிசையில் போக வேண்டும் என்று கேட்டால் என் பதில் இதுதான்: நல்ல பிக்கப் உள்ள சாதாரண நான்கு கம்பி பேஸ், அதைச் சரியாக அமைக்கும் வேலை, புதிய கம்பிகள், உறுதியான வயர், டிஐ பொக்ஸ், ட்ரிப் சுவிட்ச். மேடை அம்ப் அதற்குப் பிறகு. இவ்வளவையும் ஒரு குழு கூட்டாக வாங்கிப் பல வருடம் பயன்படுத்தலாம். நிகழ்ச்சிக்கு முன் ஒரு மணித்தியாலம் ஒதுக்கி, ஒருவர் நான்கு கம்பிகளிலும் ஒவ்வொரு பிரெட்டாக ஏறி வாசிக்க, இன்னொருவர் மைதானத்தின் முன், நடு, ஓரம் என்று நடந்து எந்தச் சுரம் எங்கே மறைகிறது என்று குறித்துக்கொள்ளட்டும். குறித்ததைச் சவுண்ட்காரரிடம் காட்டி, பொக்ஸை நகர்த்தச் சொல்லுங்கள். பெரிய நகர மேடைகளில் பொறியியலாளர்கள் கருவிகளோடு செய்யும் சோதனையின் சாரம் இதுவே. மூதூர்ப் பிள்ளைகளுக்கு அதற்கு வேண்டிய காதும் காலும் இருக்கின்றன. எட்டரை மீற்றர் என்ற எண்ணையும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.